பச்சமுத்துவுக்குப் பிடித்த பிராந்தி

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிதில் எல்லா இலாகாவுக்கும் ஆளுக்கொரு கட்டடம் கிடைத்தது. எல்லாக் கட்டடத்திலும் பெயிண்ட் வாசனை அடித்தது. அப்படி விழுப்புரத்திலிருந்து மேசை நாற்காலியோடு பிரிந்து வந்ததுதான் பண்டிகைக்கால நுகர்வு மேம்பாட்டு வாரியம். தீபாவளி, புத்தாண்டு, பொங்கல் வந்தால் ஜனங்கள் எந்தச் சரக்கை விரும்பிக் குடிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறிந்து, அதைத் தன் கடைகளில் தட்டுப்பாடில்லாமல் அடுக்கி வைப்பது அதன் திருப்பணி. கல்வராயன் மலைமேல் பாதி ஊர்களில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க இன்றுவரை ஒரு ஆள் போனதில்லை. பிராந்தி வந்து சேருகிறதா என்று கேட்க மட்டும் அறுபது பேரை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

அந்த அறுபது பேரில் ஒருத்தி தங்கமணி. மார்கழி மாதத்தில் ஒரு காலை, மலையடிவாரத்து ஈச்சங்காட்டில் தைலம்மாள் வீட்டு வாசலில் படிவக் கட்டோடு வந்து நின்றாள். தைலம்மாள் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கக் கணக்கெடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, பண்டிகைக்கு ஒங்க வூட்ல யாருக்கு இன்னா சரக்கு புடிக்கும்?"

இந்த இடத்தில்தான் தைலம்மாள் ஒரு தப்புப் பண்ணினாள். ஈச்சங்காட்டுக்காரர்கள் யாராக இருந்தாலும் அந்தத் தப்பைத்தான் பண்ணியிருப்பார்கள். அந்த ஊரில் போகியன்று செத்தவர்களுக்குப் படைப்பார்கள். உயிரோடிருந்தபோது எது பிடித்ததோ அது இலையில் இருந்தாக வேண்டும். கருவாடு தின்றவருக்குக் கருவாடு, பீடி குடித்தவருக்குப் பீடிக்கட்டு. அரசாங்கம் படையலைப் பற்றித்தான் விசாரிக்கிறது என்று தைலம்மாள் நினைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அரசாங்கம் எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறது?

"எங்க வூட்டுக்காரருக்குத்தாம்மா ஊத்தி வெக்கிறது. மலைராஜா பிராந்தி. ஒரு குவாட்டரு."

"பேரு?"

"பச்சமுத்து. அவரு செத்து மூணு வருசம் ஆவுது."

தங்கமணி படிவத்தை மேலிருந்து கீழே வரைக்கும் ஒருதரம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"செத்துட்டாரான்னு இதுல கேள்வியே இல்லக்கா. இல்லாத கேள்விக்கு பதில் எழுதினா என்ன வேலய வுட்டு நிறுத்திடுவாங்க. நீ கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. குடிச்சிட்டு சண்ட போடுவாரா?"

"இப்பவா? ஒரு சத்தம் கெடையாது."

"வேற பிராண்டுக்கு மாறுவாரா?"

"இனிமே எங்க மாறப் போறாரு."

"குடிச்சதால ஒடம்புக்கு எதனா கோளாறு?"

"இந்த மூணு வருசமா ஒண்ணும் இல்ல."

"கடைமேல எதனா புகார் சொல்லுவாரா?"

"அவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொன்னதில்ல."

தங்கமணி எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். வேட்டி சேலை எப்போது தருவார்கள் என்று கேட்க மறந்துவிட்டோமே என்று தைலம்மாளுக்கு வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அவளுக்கும் வாரியத்துக்கும் அதற்கு முன்பே பழக்கம் உண்டு. வாரியத்தின் கடை ஈச்சங்காட்டு ஜீப் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருந்தது. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஆள் ஏற்றும் ஜீப்புகள் அங்கேதான் நிற்கும். டிரைவர்கள் இடமும் வலமும் பார்க்காமல் பத்தடி நடந்தால் கவுண்ட்டர். பச்சமுத்து அந்தக் கவுண்ட்டரில் பதினெட்டு வருஷம் நின்றான். கடைசியில் வயிறு பானையாக ஊதி, கண் மஞ்சளாகி, பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே செத்தான். இப்போது அவர்கள் மகன் சின்னதுரை ஜீப் ஓட்டுகிறான். கார்த்திகை மாதம் ஒரு நாள் மலைப்பாதையில் எட்டாவது வளைவில் அவன் ஜீப் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு, ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க நின்றது. வண்டியில் பதினொரு பேர் இருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தகவல் கேட்டு ஓடிப்போன தைலம்மாள் மகனைக் கட்டிக்கொண்டபோது அவன் வாயிலிருந்து அடித்தது அவன் அப்பனின் வாசனை.

போகிக்கு இன்னொரு இலை போட அவளால் ஆகாது. கடையை ஜீப் ஸ்டாண்டைவிட்டு எடுக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இதைக் கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தெய்வசிகாமணி. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவர் விற்பனை ஊக்குவிப்பு அலுவலர். இரண்டிலிருந்து ஐந்து வரை மதுவின் தீமை விழிப்புணர்வு அலுவலர். சிக்கனத்துக்காக இரண்டு பதவிக்கும் ஒரே ஆளைப் போட்டிருந்தார்கள். நிர்வாகத்தில் குழப்பம் வந்துவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒரே அறையில் எதிரும் புதிருமாக இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, இரண்டு ரப்பர் ஸ்டாம்பு கொடுத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை முடித்து ஏப்பம் விட்டுக்கொண்டே அவர் நாற்காலி மாறி உட்காருவார். முகமும் மாறிவிடும்.

ஆள் பிடித்து எழுதவைத்த முதல் மனுவைத் தைலம்மாள் கொண்டுபோனது ஒரு மத்தியானம். அவர் அதைப் படித்துவிட்டுக் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாயே! இது மனு இல்லை, ஒரு குடும்பத்தின் கண்ணீர். அந்தக் கடை அங்கே ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. நான் பலமாகப் பரிந்துரை செய்கிறேன். ஆனால் கடையை எடுக்கிற அதிகாரம் எனக்கில்லை. விற்பனை ஊக்குவிப்பு அலுவலருக்குத்தான் உண்டு. நாளை காலையில் வந்து அவரைப் பாருங்கள்."

மறுநாள் காலையில் அவள் வந்தபோது அதே தெய்வசிகாமணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதே மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். பரிந்துரையை வாசித்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தப் பொறுப்பில்லாத ஆள் இதைப் பரிந்துரை செய்தது?"

"நேத்து நீங்கதாங்க..."

"அது விழிப்புணர்வு அலுவலர் அம்மா. அவருக்கு உணர்ச்சி ஜாஸ்தி, நிர்வாகம் கம்மி. எனக்கும் அவருக்கும் கொள்கை அளவில் கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் தனிப்பட்ட முறையில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது."

இப்படி ஏழு மனு போயிற்று. ஏழு மத்தியானம் அழுகை, ஏழு காலை நிராகரிப்பு. முதல் இரண்டு தடவை, தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று தைலம்மாள் பயந்துபோனாள். பிறகு பழகிவிட்டது.

எட்டாவது மனுவோடு அவள் போனது தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது. தெய்வசிகாமணி காலை நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க, வாங்க! பச்சமுத்து வீட்டம்மாதானே? மாவட்டம் முழுக்க எண்பதாயிரம் வீட்டில் கேட்டோம். உங்கள் வீட்டுக்காரர்தான் முதலிடம்! சண்டை இல்லை, புகார் இல்லை, உடம்புக்குக் கோளாறு இல்லை, வேறு சரக்கைத் திரும்பிப் பார்த்ததில்லை. பண்டிகைக்காலச் சிறந்த நுகர்வோர் விருதை அவருக்குக் கொடுக்கிறோம். உங்கள் ஊர்க் கடை வாசலிலேயே விழா. போகியன்று காலை."

தைலம்மாள் மனுவை மேசைமேல் வைத்தாள்.

"அய்யா, அவரு செத்துட்டாருங்க."

"அப்படியெல்லாம் அபசகுனமாகப் பேசாதீர்கள்."

அவள் மடியிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். தெய்வசிகாமணி அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சீல், கையெழுத்து, தேதி எல்லாம் பார்த்தார்.

"இது மூன்று வருஷத்துப் பழைய பேப்பர் அம்மா. எங்கள் கணக்கெடுப்பு இந்த மார்கழியில் எடுத்தது. அரசாங்கத்தில் எது புதுசோ அதுதான் செல்லும். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்திருந்த ஒருவர் இந்த மார்கழியில் திருப்தியாகக் குடிக்கிறார் என்றால், அதற்குப் பெயர்தான் முன்னேற்றம்."

"கடைய எடுக்கணும்னு மனு..."

"உங்கள் வீட்டுக்காரரே கடைமேல் புகார் இல்லை என்று சொல்லியிருக்கிறார். புருஷன் ஒன்று சொல்ல, பெண்டாட்டி வேறு சொன்னால் குடும்பம் என்னத்துக்கு ஆகும்?" மனுவை ஓரமாகத் தள்ளினார். "விழாவுக்கு அவர் நேரில் வந்து விருதை வாங்கிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் வாரியத்தை அவமதித்ததாக எடுத்துக்கொள்வோம். ஜீப் ஸ்டாண்டில் யார் வண்டி நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதிலும் வாரியத்தின் பேச்சு எடுபடும். உங்களுக்கு ஒரு மகன் இருக்கிறான் இல்லையா?"

தைலம்மாள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். தெய்வசிகாமணியின் கார் டிரைவர் கொளஞ்சியப்பன் ஈச்சங்காட்டுக்காரன், அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா கொளஞ்சி, அந்த ஆளு மலைராஜா மலைராஜான்னு வாய் ஓயாம சொல்றானே, ஒரு தபாவாச்சும் குடிச்சிருக்கானா?"

கொளஞ்சியப்பன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தான். "மோந்துகூட பாக்க மாட்டாருக்கா. மாசத்துக்கு ரெண்டு தபா பாண்டிச்சேரிக்கு வண்டிய ஓட்டிக்கினு போய் நாந்தான் வாங்கியாறேன். அங்க விக்கிற வெளிநாட்டு சரக்குதான் அவருக்கு எறங்கும். நம்ம கடை சரக்கோட ஒரு சொட்டு நாக்குல பட்டா அன்னிக்குப் பூரா வாய் கொப்புளிப்பாரு."

"ஆவி, பேயிக்கெல்லாம் பயப்படுவானா?"

"அய்யோ! கோமுகி அணை தாண்டி சுடுகாடு வந்தா கண்ண மூடிக்குவாரு. சுடுகாடு போயிட்ச்சான்னு என்னக் கேட்டுட்டுத்தான் தொறப்பாரு."

தைலம்மாள் டீயைக் குடித்து முடித்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தனக்குத்தானே சிரித்ததைப் பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள். புருஷன் நேரில் வர வேண்டும் என்கிறார்கள். வரட்டுமே. அவர்களாகக் கேட்டு வாங்கிக்கொள்வதுதானே?

போகியன்று காலை கடை வாசலில் பந்தல், ஸ்பீக்கர், பிளாஸ்டிக் நாற்காலி. மேடைக்குப் பின்னால் ஒரு பேனர்: 'உங்கள் பண்டிகை, உங்கள் பானம்'. சிக்கனம் கருதி அதன் பின்பக்கத்தில் 'மதுவை ஒழிப்போம், மனிதரைக் காப்போம்' என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு மணி அடித்தவுடன் பேனரைத் திருப்பி மாட்டிவிட்டால் அதே பந்தலில் விழிப்புணர்வு உறுதிமொழி. அதற்கென்றே ஒரு பியூன் கையில் வாட்சைக் கட்டிக்கொண்டு பேனருக்குப் பக்கத்தில் நின்றான்.

பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஓரமாக ஜீப்பில் சாய்ந்துகொண்டு சின்னதுரையும் நின்றான். தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்து மூன்று தரம் தட்டினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! சோளத்தில் நம் மாவட்டம் முன்னணி. மரவள்ளியில் முன்னணி. பண்டிகைக் குடியில் மட்டும் நாம் ஏன் பின்தங்க வேண்டும்? பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவது யார்? பாலம் கட்டுவது யார்? நீங்கள்! உங்கள் வியர்வையைவிட உங்கள் ஈரல்தான் அரசாங்கத்துக்கு அதிகம் கொடுக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியைக்கூட அந்தப் பணத்தில்தான் கட்டியிருக்கிறோம். ஆகவே நீங்கள் குடித்துக் கெட்டாலும் படுக்க இடம் இருக்கிறது. இந்தத் தொலைநோக்கு வேறு எங்கே உண்டு?"

முன்வரிசையில் இருந்த வாரிய ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"இன்னொரு முக்கிய அறிவிப்பு. மாட்டுப் பொங்கலன்று கடைக்கு விடுமுறை. அன்று யாரும் குடிக்கக் கூடாது என்பது அரசின் உறுதியான கொள்கை. ஆகவே அன்றைக்குத் தேவையானதை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள். இப்போது விருதுக்கு வருகிறேன். பச்சமுத்து அவர்கள்! சத்தம் போடாமல் குடிக்கிறார். குறை சொல்லாமல் குடிக்கிறார். எதையும் கேட்காமல் குடிக்கிறார். ஒவ்வொரு குடிமகனும் பச்சமுத்துவைப்போல ஆகிவிட வேண்டும். அதுவே இந்த வாரியத்தின் லட்சியம்!"

பச்சமுத்துவைப் பாடையில் தூக்கிய நாலு பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பச்சமுத்து அவர்கள் மேடைக்கு வரவும்!"

தைலம்மாள் எழுந்தாள். குளித்து ஈரத்தலையோடு வந்திருந்தாள். கையில் புருஷன் போட்டோ, கக்கத்தில் வாழையிலை. பின்னால் பக்கத்து வீட்டு இருசம்மாள் சோற்றுச் சட்டியும் கருவாட்டுக் குழம்புமாக வந்தாள். இருவரும் மேடையேறி, விருதுக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, மேசைமேல் இலையைப் போட்டார்கள். சோறு, கருவாடு, பீடிக்கட்டு, மலைராஜா குவாட்டர், ஒரு டம்ளர். போட்டோவை மைக்குக்கு எதிரே சாய்த்து வைத்தாள் தைலம்மாள்.

"இது என்ன?" என்றார் தெய்வசிகாமணி.

"நேர்ல வரணும்னு சொன்னீங்களே. கூப்புட வேணாமா?" என்று அவள் கற்பூரத்தை ஏற்றினாள்.

கீழே உட்கார்ந்திருந்த ஊர்ப் பூசாரி யாரும் சொல்லாமலே உடுக்கையை எடுத்தார்.

தலைமயிரை விரித்துப்போட்டு நாலு ஆட்டம் ஆட வேண்டும், கத்த வேண்டும் என்றுதான் தைலம்மாள் தீர்மானித்து வந்திருந்தாள். ஆனால் அந்தப் பேச்சின் கடைசி வரி அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவனும் பச்சமுத்துவைப்போல ஆகவேண்டுமாம். ஊதின வயிறும், மஞ்சள் கண்ணும், தண்ணீர் தண்ணீர் என்ற முனகலும் அவள் முன்னால் வந்து நின்றன. ஜீப்பில் சாய்ந்து நிற்கிற மகன் தெரிந்தான். உடம்பு தானாக உதறியது. நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது.

"டேய் தெய்வசிகாமணி!"

பந்தலே எழுந்து நின்றது.

"விருது தரேன்னு கூப்டியாமே மாப்ள. வந்துட்டேன்டா!"

தெய்வசிகாமணி பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டைப் பார்த்து, "இந்த அம்மாவை அப்புறப்படுத்துங்கள்" என்றார். ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

தைலம்மாள் குவாட்டரைத் திருகி டம்ளர் வழிய ஊற்றினாள். அதை அப்படியே தெய்வசிகாமணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தனியாக் குடிச்சி எனக்குப் பழக்கம் இல்ல. நீ குடிடா."

"நான்... டியூட்டியில்..."

மேடையடியில் நின்ற கொளஞ்சியப்பன் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "சார், செத்தவங்க நீட்டினா வேணாம்னு சொல்லக் கூடாது சார். ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சிட்டா அவரு சந்தோசமாப் போயிடுவாரு. வேணாம்னாலோ, துப்பினாலோ, ஒங்க கூடவே வூட்டுக்கு வந்துடுவாரு சார். இங்க அப்படித்தான்."

தெய்வசிகாமணி முன்வரிசையைப் பார்த்தார். ஊழியர்கள் காலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். டம்ளரை வாங்கினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார்.

அவருடைய முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. கன்னம் இரண்டும் உப்பின. பாண்டிச்சேரிக்குப் பழகிய தொண்டை ஈச்சங்காட்டை உள்ளே விடவில்லை. மைக், மேசை, விருதுக் கோப்பை எல்லாவற்றின் மேலும் அவர் அதைத் துப்பினார். மைக் அணையாமல் இருந்ததால் அடுத்து வந்த வார்த்தைகள் நாலு ஸ்பீக்கரிலும், அக்கம்பக்கத்து ரெண்டு ஊருக்கும் கேட்டன.

"தூ! கருமம்! இதை மனுஷன் குடிப்பானா?"

உடுக்கை நின்றது.

"நான் குடிச்சேன்டா" என்றது தைலம்மாளின் தொண்டையிலிருந்து வந்த குரல். "பதினெட்டு வருசம் குடிச்சேன்."

ஜீப்பில் சாய்ந்திருந்த சின்னதுரை நிமிர்ந்து நின்றான்.

"எனக்கு ஊத்தினத துப்பிட்ட இல்ல? நான் ஒன் கூடவே வரேன் மாப்ள. வண்டியில எடம் போடு."

சொல்லிவிட்டு அவள் கீழே சாய்ந்தாள். இருசம்மாள் தாங்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு மணி அடித்தது. கடமை தவறாத பியூன் பேனரைத் திருப்பி மாட்டினான். மதுவை ஒழிப்போம் என்ற எழுத்தைப் பார்த்ததும் ஜனங்கள் அன்று முதல்முறையாகக் கைதட்டினார்கள். அந்தத் தட்டு ஓய வெகுநேரம் ஆயிற்று.

அன்று வீட்டுக்கு வந்த சின்னதுரை சாப்பாட்டைத் தொடவில்லை.

"அம்மா, நெஜமாலுமே அப்பாவா வந்தாரு?"

"ஒனக்கு இன்னா தோணுது?"

"அப்பா கொரல்தான்."

பொங்கல் முடிகிற வரைக்கும் அவன் குடிக்கவில்லை. அதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிட தைலம்மாள் தயாராக இல்லை. பச்சமுத்துவும் இப்படி எத்தனையோ பொங்கலுக்கு நிறுத்தியவன்தான். மகன் வாய் மூடியிருப்பதைவிடக் கடைக் கதவு மூடியிருப்பது உத்தமம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் காத்திருந்தாள்.

அங்கே கள்ளக்குறிச்சியில் கொளஞ்சியப்பன் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தான். கார் எங்கே நின்றாலும் முதலில் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு சாத்துவான். யாருக்கடா திறக்கிறாய் என்று தெய்வசிகாமணி கேட்டால், "அவரு எறங்கட்டும் சார்" என்பான். பின்சீட்டில் தனியாக உட்கார மாட்டேன் என்று முன்சீட்டுக்கு வந்தார் தெய்வசிகாமணி. "பின்னாடி அவருக்கு இப்பதான் வசதியா இருக்குது சார்" என்றான் கொளஞ்சியப்பன். வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டிச்சேரிப் பாட்டிலைத் திறந்தாலும் மலைராஜா வாசனைதான் அடித்தது. எதிரே யாரோ டம்ளரை நீட்டுவதுபோல இருந்தது.

காணும் பொங்கலன்று காலை பதினொரு மணிக்கு வாரியத்தின் கார் தைலம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றது. தெய்வசிகாமணி கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தார். கையில் தோல் பை.

"அம்மா, அவருக்கு என்னதான் வேண்டும்?"

"எட்டு மனுவுல எழுதியிருக்கேங்களே."

அவர் பையைத் திறந்து எட்டாவது மனுவையும் இரண்டு ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்தார். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. அதை மேற்குப் பக்கம் போட்டு உட்கார்ந்து, விழிப்புணர்வு அலுவலராகப் பரிந்துரை எழுதி ஒரு ஸ்டாம்பு குத்தினார். எழுந்து, அதே நாற்காலியைக் கிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, விற்பனை அலுவலராக அந்தப் பரிந்துரையைக் கவனமாகப் படித்துப் பார்த்தார். இந்த முறை கோபம் வரவில்லை.

"கடையை மூடக் காரணம் காட்ட வேண்டும்" என்றார். "சிறந்த நுகர்வோர் இறந்துவிட்டதால் என்று எழுதிவிடட்டுமா?"

"எழுதுங்க. எதனால செத்தாருன்னும் எழுதுங்க."

"அது தேவையில்லை அம்மா."

"அவரு ஒங்க பின்னாடிதான் நிக்கிறாரு. அவரையே கேட்டுக்கினு எழுதுங்க."

தெய்வசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை. 'வாரியத்தின் சரக்கைப் பதினெட்டு ஆண்டுகள் குடித்ததால்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஸ்டாம்பையும் குத்தினார். தைலம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சின்னதுரையைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். அவன் அந்த வரியை மட்டும் இரண்டு தரம் படித்தான்.

சாயங்காலத்துக்குள் லாரி வந்தது. ஜீப் ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். போர்டைக் கழற்றினார்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டி சீல் வைத்தார்கள். தைலம்மாள் கிட்டே போய்ப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அதுவரைக்கும் தெய்வசிகாமணி காரில் ஏறாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். இப்போது கும்பிட்ட கையோடு அவள் முன்னால் வந்தார்.

"கடையை எடுத்துவிட்டேன் தாயே. இனி அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்."

கொளஞ்சியப்பன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தைலம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி சீட்டை ஆற அமரப் பார்த்துவிட்டு, பதமாகக் கதவைச் சாத்தினாள்.

"பதினெட்டு வருசம் நான் வெச்சிக்கினு பட்டேங்க. இனிமே நீங்க வெச்சிக்குங்க. தொந்தரவு ஒண்ணும் பண்ண மாட்டாரு. வருசா வருசம் போகிக்கி மட்டும் மறக்காம மலைராஜா ஒரு குவாட்டர் வாங்கி ஊத்திடுங்க. எங்க ஊர்ல கடை இல்லீங்க, நீங்கதான் எங்கனா தேடிக்கினு போவணும்."